பந்தின் துள்ளலை ஆராய்ந்த பேரறிஞர்

பந்து விளையாடாத சிறுவரைக் காண்பது அரிது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கருங்கல்லுக்கும் பஞ்சமில்லை, செம்மண்ணுக்கும் பஞ்சமில்லை. கருங்கல் பாவிய தளத்தில் விழும் பந்து இடுப்பளவு எழுகிறது. அதே பந்து, மழையில் நனைந்த செம்மண் தரையில் விழுமானால் சற்றே அசைந்து கிடந்துவிடுகிறது. திண்ணையிலிருந்து போட்ட பந்தைவிட மாடியிலிருந்து போட்ட பந்து உயர எழும் என்பதை ஐந்து வயதுப் பிள்ளையும் அறியும். ஆனால் எவ்வளவு உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவு உயரம் எழும், போட்ட உயரத்திற்கே அது ஏன் மீண்டும் வருவதில்லை, குறைந்த பங்கு எங்கே போயிற்று என்று கேட்கத் தொடங்கினால் விளையாட்டு பௌதிகமாகிவிடுகிறது. இக்கேள்விகளை விடாது கேட்டு விடை தேடியவர்களுள் ஒருவர், காவிரிக் கரையில் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன். ஒளியைப் பற்றிய கண்டுபிடிப்பினால் உலகப் புகழ் எய்திய அவர், அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே மோதும் குண்டுகளையும் துள்ளும் பந்துகளையும் ஆராய்ந்தவர் என்பதைப் பலர் அறியார்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில், தாய்வழிப் பாட்டனாரின் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். அந்நாளில் புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாக விளங்கிற்று. 1948இல் அது இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. 1974இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆகவே இராமன் மறைந்த காலத்தில், அவர் பிறந்த ஊரும் புதுக்கோட்டையும் ஒரே மாவட்டத்தில் இருந்தன.

குழந்தைக்கு நான்கு வயதானபோது, தந்தையார் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராக அமர்ந்தார். கணிதமும் பௌதிகமும் கற்பித்த அவர் இசையிலும் ஈடுபாடு உடையவர். வீட்டில் நூல்கள் நிறைந்திருந்தன. இராமன் தம் 11ஆம் வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது, அவருடைய சிறிய உருவத்தையும் இளம் வயதையும் கண்ட பேராசிரியர் ஒருவர், இச்சிறுவன் வழி தவறி இவ்வகுப்பிற்குள் வந்துவிட்டானோ என்று ஐயுற்றாராம். அச்சிறுவரே 1904இல் பி.ஏ. தேர்வில் முதன்மை பெற்றுத் தங்கப் பதக்கத்தைத் தட்டிச் சென்றார். 1907இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அதற்கு முன்னரே, 1906இல், அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இலண்டனில் வெளியாகும் அறிவியல் இதழ் ஒன்றில் அச்சேறியது. அப்போது அவருக்கு வயது 18.

இளமையில் தம் மனத்தை உருவாக்கியவை மூன்று நூல்கள் என்று இராமன் பிற்காலத்தில் நினைவு கூர்ந்ததுண்டு. புத்தர் பெருமானின் வரலாற்றைப் பாடும் எட்வின் ஆர்னால்டின் காவியம் ஒன்று. யூக்ளிட்டின் வடிவ கணித நூல் மற்றொன்று. இசையொலியின் இயல்பை ஆராயும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் நூல் மூன்றாவது. இம்மூன்றாம் நூலே அவரை ஒலியின்பாலும், ஒலி வழியாக மோதலின்பாலும் ஈர்த்தது எனலாம். எங்கே ஓசை எழுகிறதோ அங்கே பெரும்பாலும் ஒன்று மற்றொன்றின்மேல் மோதுகிறது. மிருதங்கத் தோலில் விரல் மோதுகிறது. பியானோவின் கம்பியில் சிறு சுத்தி மோதுகிறது. கருங்கல்லின்மேல் கோலிக்குண்டு மோதுகிறது.

அக்காலத்தில் விஞ்ஞானத்தையே தொழிலாகக் கொண்டு வாழ இந்தியருக்கு வழி மிகக் குறைவு. மேற்படிப்பிற்காக இங்கிலாந்து செல்லலாமென்றால், அந்நாட்டுக் குளிரை அவர் உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஆகவே இராமன் அரசாங்க நிதித் துறைத் தேர்வை எழுதினார். அதிலும் முதல்வராகத் தேறினார். 1907இல் உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, அதே ஆண்டில் கல்கத்தாவில் உதவிக் கணக்காய்வுத் தலைவராகப் பதவி ஏற்றார். பத்தொன்பது வயது நிரம்பாத இளைஞருக்குக் கைநிறையச் சம்பளம், சமூகத்தில் மதிப்பு, ஓய்வூதிய உறுதி ஆகிய அனைத்தும் வாய்த்தன. வேறு ஒருவராயின் அத்துடன் ஆராய்ச்சிக்கு விடை கொடுத்திருப்பார்.

ஒரு நாள் டிராம் வண்டியில் செல்லும்போது, பௌபஜார் வீதியில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்ற பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய சங்கம் அது. கருவிகள் இருந்தன, கூடம் இருந்தது, ஆராய்வார்தாம் இல்லை. கதவைத் திறந்து விட்டவர் ஆசுதோஷ் தே என்பவர். பின்னர்ப் பல்லாண்டுகள் இராமனுக்கு வலக்கையாக விளங்கியவர் அவரே. அன்று முதல் இராமன் வைகறையில் எழுந்து சங்கத்திற்குச் செல்வார். அலுவலக நேரம் நெருங்கும்போது வீட்டிற்கு ஓடி, அவசரமாக உண்டு, கணக்குப் புத்தகங்களின் முன் அமர்வார். மாலையில் அலுவல் முடிந்ததும் நேரே சங்கத்திற்கு வந்து இரவு வரை உழைப்பார். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபோதும் அவ்வழக்கம் அறவே நின்றுவிடவில்லை. 1911இல் மீண்டும் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

மோதலைப் பற்றிய ஆராய்ச்சி இராமனோடு தொடங்கியதன்று. 1687இல் வெளியான தம் பெருநூலில் நியூட்டன் இதனை ஆராய்ந்து எழுதியுள்ளார். குண்டுகளை நூலில் தொங்கவிட்டு ஒன்றோடொன்று மோதச் செய்து, மோதுமுன் அவை நெருங்கிய வேகத்தையும், மோதிய பின் விலகிய வேகத்தையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். கண்ணாடிக் குண்டுகள் 16 பங்கு வேகத்தோடு நெருங்கினால் 15 பங்கு வேகத்தோடு விலகின. இறுகச் சுற்றிய கம்பளி உருண்டைகள் 9 பங்கு வேகத்தோடு நெருங்கி 5 பங்கு வேகத்தோடு விலகின. இவ்விகிதத்தை மீட்சி விகிதம் எனலாம். ஒவ்வொரு பொருளுக்கும் இவ்விகிதம் ஒன்றே. மெல்ல மோதினாலும் விரைந்து மோதினாலும் அது மாறாது என்பது நியூட்டனின் முடிபு.

இம்முடிபைப் பந்தின் துள்ளலோடு பொருத்திக் காண்போம். உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம், உயரத்தின் வர்க்க மூலத்திற்கு ஏற்ப வளர்கிறது. ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழும் குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். அதைப் போல் நான்கு மடங்கு உயரமான 5 மீட்டரிலிருந்து விழுந்தால் வேகம் இரண்டு மடங்காகி, நொடிக்குப் பத்து மீட்டர் அளவு வரும். எழும் உயரத்திற்கும் இதே விதிதான். ஆகவே மீட்சி விகிதத்தை அதனாலேயே பெருக்கினால், விழுந்த உயரத்தில் எத்தனை பங்கு எழும் என்பது கிடைக்கும். கண்ணாடியின் 15க்கு 16 என்ற விகிதத்தை இவ்வாறு பெருக்கினால், நூறு பங்கு உயரத்தில் ஏறத்தாழ 88 பங்கு எழும் என்று தெரிகிறது. கம்பளி உருண்டையோ மூன்றில் ஒரு பங்கு கூட எழாது. டென்னிஸ் பந்துக்கு விதிக்கப்பட்டுள்ள சோதனையும் இத்தகையதே: 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தளத்தில் போட்டால், அது 135 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 147 சென்டிமீட்டருக்கு மிகாமலும் எழ வேண்டும். விழும் உயரத்தைக் குறிப்பிடாமல் பந்தின் தரத்தைக் கூற இயலாது என்பதை ஆட்டக்காரர்களும் உணர்ந்துள்ளனர்.

நியூட்டனின் முடிபு முற்றும் சரியாயின், ஒரு மீட்டரிலிருந்து போட்ட பந்து எத்தனை பங்கு எழுகிறதோ, பத்து மீட்டரிலிருந்து போட்டாலும் அத்தனை பங்குதான் எழ வேண்டும். உண்மை அப்படி இல்லை. சுவரில் ஓர் அளவுகோலை நிறுத்தி, சிறிது சிறிதாக உயரத்தைக் கூட்டிக்கொண்டே பந்தைப் போட்டுப் பார்க்கும் மாணவர் இதனைத் தாமே காணலாம். உயரம் கூடக் கூட, எழும் உயரமும் கூடுகிறது. ஆனால் எழும் பங்கு சிறுகச் சிறுகக் குறைகிறது. எடை குறைந்த பந்தாயின் காற்றின் தடையும் இதற்கு ஒரு காரணம். காற்றின் தடை பெரிதாகாத இரும்புக் குண்டிலும் இக்குறைவு காணப்படுவதுதான் வியப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர் சிலர், மோதும் வேகம் வளர்ந்தால் மீட்சி விகிதம் தேயும் என்பதை அளந்து காட்டினர். ஜெர்மானிய இளைஞர் ஹெர்ட்ஸ், 1881ஆம் ஆண்டளவில், இரு குண்டுகள் தொடும்போது அவற்றின் மேற்பரப்பு எவ்வாறு அமுங்குகிறது, எத்துணை நேரம் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அழகிய கணக்கொன்றை வகுத்தார். மீள்தன்மை முழுமையாக உள்ள பொருள்களுக்கே அக்கணக்குப் பொருந்தும்.

இங்கேதான் ஒரு நுட்பமான கேள்வி எஞ்சி நின்றது. வேகம் கூடினால் விகிதம் குறையும், சரி. வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் விகிதம் எதுவரை உயரும்? முழு ஒன்றை எட்டிவிடுமா, அல்லது அதற்குக் கீழேயே எங்கேனும் நின்றுவிடுமா? நின்றுவிடும் என்றால், எத்துணை மெல்லத் தொட்டாலும் உலோகம் தன் பங்கை விழுங்கியே தீரும் என்று பொருள். எட்டிவிடும் என்றால், இழப்பு உலோகத்தின் இயல்பில் இல்லை. நாம் வன்மையாக மோதுவதிலேயே உள்ளது என்று பொருள். பொருள்களின் உள்ளமைப்பைப் பற்றிய கேள்வி இது. விளையாட்டுப் பிள்ளைகளின் வினாவன்று.

கேள்வி எளிது, சோதனை அரிது. மெல்ல மோதச் செய்ய வேண்டும் என்றால், குண்டை மிகச் சிறிய உயரத்திலிருந்து விட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும் குண்டு கூட நொடிக்கு 14 சென்டிமீட்டர் வேகத்தில் மோதுகிறது. ஒரு தாளின் கனம் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர். அந்த அற்ப உயரத்திலிருந்து விழுந்தாலும் வேகம் 4 சென்டிமீட்டருக்கு மேல் வந்துவிடும். தாளின் கனத்திலும் குறைந்த உயரத்தை அளந்து குண்டைப் போடுவது எங்ஙனம்? போட்டபின், அது எழுந்த உயரத்தைக் கண்ணால் காண்பது எங்ஙனம்? நியூட்டன் கையாண்ட தொங்கு குண்டு இவ்விடத்தில் கைகொடுக்கிறது. ஒரு மீட்டர் நீள நூலில் தொங்கும் குண்டை ஒரு சென்டிமீட்டர் ஒதுக்கிப் பிடித்தால், அது மேலே ஏறுவது இருபதில் ஒரு மில்லிமீட்டரே. அதை விட்டால் அடிநிலையில் நொடிக்கு 3 சென்டிமீட்டர் வேகந்தான் இருக்கும். செங்குத்தாக அளக்க இயலாத உயரத்தைப் பக்கவாட்டில் எளிதாக அளந்துவிடலாம்.

இவ்வாறு மிகக் குறைந்த வேகங்களில் நிகழும் மோதலை இராமன் புகைப்படத்தில் பதிவு செய்து அளந்தார். கண்ணை நம்பாமல் தகட்டை நம்பியது அவர் முறையின் சிறப்பு. ஒரே பொருளாலான இரு குண்டுகள் நெருங்கிய வேகமும், விலகிய வேகமும் புகைப்படத் தகட்டிலிருந்து கணக்கிடப்பட்டன. முடிவு தெளிவாக வந்தது: வேகம் மிகச் சிறியதாகும்போது, மீட்சி விகிதம் ஒன்றை நோக்கி உயர்கிறது. மிக மெல்லத் தொடும் இரு உலோகக் குண்டுகள், தாம் கொண்டுவந்த வேகத்தில் ஏறத்தாழ முழுவதையும் திரும்பப் பெறுகின்றன. இவ்வாராய்ச்சி 1918இல் அமெரிக்காவின் முதன்மையான பௌதிக இதழில் வெளியாயிற்று.

ஏன் இப்படி என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். இரு குண்டுகள் மோதும்போது, முழுக் குண்டும் நசுங்குவதில்லை. தொடும் புள்ளியைச் சுற்றிய ஒரு சிறு வட்டமே அமுங்குகிறது. அச்சிறு வட்டத்தின்மேல் விழும் அழுத்தம் மிகப் பெரிது. அழுத்தம் ஓர் எல்லைக்குள் இருந்தால், அமுங்கிய உலோகம் வில்லைப் போல் மீண்டு குண்டைத் தள்ளிவிடும். எல்லை மீறினால் அவ்விடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் ஒன்று நிலையாக விழுந்துவிடும். பள்ளம் தோண்டுவதில் செலவான சக்தி திரும்பி வராது, வெப்பமாக மாறிவிடும். உயரத்திலிருந்து போட்ட குண்டு ஏன் தன் பங்கை இழக்கிறது என்பதற்கு இதுவே தலையாய காரணம். இரப்பர்ப் பந்தில் பள்ளம் விழுவதில்லை. அங்கே உள்ளுக்குள் நிகழும் உராய்வு அவ்வேலையைச் செய்கிறது. ஒரே பந்தைப் பலமுறை வேகமாக அடித்தபின் தொட்டுப் பார்த்தால் சூடு தெரிவது இதனாலேயே.

இவ்வாராய்ச்சிகள் நிகழ்ந்த காலத்தில், இராமனின் வாழ்க்கையும் ஒரு திருப்பத்திற்கு வந்திருந்தது. கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் தாரக்நாத் பாலித் அளித்த நன்கொடையால் பௌதிகப் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்பட்டது. துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி அதனை இராமனுக்கு அளிக்க விரும்பினார். அதை ஏற்றால் அரசாங்கச் சம்பளம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். உயர்ந்து கொண்டே போகும் பதவி கைநழுவும். அப்பேராசிரியர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றொரு நிபந்தனையும் இருந்தது. சம்பளக் குறைவைப் பொருட்படுத்தாத இராமன், பயிற்சிக்காகக் கடல் கடந்து செல்ல மட்டும் மறுத்துவிட்டார். இந்தியாவிலேயே, இந்தியக் கருவிகளைக் கொண்டு, உலகம் ஏற்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பவருக்கு வேறோர் இடத்தின் முத்திரை எதற்கு? பிடிவாதம் என்று சிலர் கருதியிருக்கலாம். ஆயினும் நிபந்தனைதான் வளைந்தது, இராமன் வளையவில்லை. 1917இல் அவர் அரசாங்கப் பதவியைத் துறந்து பேராசிரியரானார்.

மோதலை அவர் விட்டுவிடவில்லை. அவரோடு உழைத்த சுதாங்சு குமார் பானர்ஜி, இரு குண்டுகள் மோதும்போது எழும் ஓசையை ஆராய்ந்தார். மணியைப் போலக் குண்டு அதிர்வதால் அவ்வோசை எழுவதாகப் பலரும் நினைப்பர். அது சரியன்று. குண்டின் அதிர்வு செவிக்கு எட்டாத அளவு விரைவானது. மோதும் கணத்தில் குண்டு திடீரென நின்று திரும்புவதால், அருகிலுள்ள காற்று அதிர்ச்சியுற்று ஓசை பிறக்கிறது. காதுக்கு உரத்துக் கேட்டாலும், ஓசையாகப் போகும் சக்தி மிகச் சிறிதே. எனவே பந்து இழந்த உயரத்திற்கு ஓசையின்மேல் பழி போட இயலாது.

1919இல் இராமன் கண்ணாடியின்மேல் விழும் குண்டைக் கவனித்தார். கெட்டியான கண்ணாடிப் பாளத்தின்மேல் உருக்குக் குண்டைப் போதிய உயரத்திலிருந்து போட்டால், தொட்ட இடத்தைச் சுற்றி ஒரு சிறு வட்டமாக விரிசல் விழுகிறது. அவ்விரிசல் கண்ணாடிக்குள் கூம்பு போல் விரிந்து செல்கிறது. உயரம் குறைவாயின் விரிசல் இல்லை. குண்டு துள்ளி எழுகிறது. சன்னல் கண்ணாடியில் கல் பட்டு விழுந்த வடுவைக் கண்டு வருந்துவோர் பலர். அதன் வடிவத்தைக் கண்டு வியந்தவர் சிலரே.

அதற்கு அடுத்த ஆண்டு, 1920இல், அவர் வெளியிட்ட கட்டுரை துள்ளும் குண்டைப் பற்றியது. உருக்குக் குண்டைப் பல்வேறு கனமுள்ள கண்ணாடித் தட்டுகளின்மேல் போட்டுப் பார்த்தால், கனத்த தட்டில் நன்றாக எழும் குண்டு, மெல்லிய தட்டில் சிறிதே எழுகிறது. குண்டும் அதுவே, கண்ணாடியும் அதுவே, உயரமும் அதுவே. பள்ளமும் இல்லை, விரிசலும் இல்லை. பின் சக்தி எங்கே சென்றது? குளத்தில் கல்லை எறிந்தால் வட்ட அலை பரவுவதுபோல், மெல்லிய தட்டில் குண்டு விழுந்ததும் ஒரு வளைவு அலை புறப்பட்டு விளிம்பை நோக்கி ஓடுகிறது. அவ்வலை விளிம்பில் பட்டுத் திரும்பி வருவதற்குள் குண்டு எழுந்து போய்விடுகிறது. ஆகவே அலை சுமந்து சென்ற சக்தி குண்டுக்குத் திரும்பக் கிடைப்பதே இல்லை. முழுமையான மீள்தன்மை உள்ள பொருள்களிலும் இழப்பு உண்டாகலாம் என்பதை இது விளக்கியது.

அவ்வலையின் அளவைக் கணக்கிட, குண்டும் தட்டும் எத்துணை நேரம் தொட்டிருந்தன என்பது தெரிய வேண்டும். அங்கே இராமன் ஹெர்ட்ஸின் கணக்கைத் துணைக்கொண்டார். சிறிய உருக்குக் குண்டு கெட்டியான தளத்தில் விழுந்து எழும்போது தொட்டிருக்கும் நேரம், ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. விழும் உயரத்தைக் கூட்டினால் அந்நேரம் மேலும் சுருங்கும். ஆனால் மிக மெல்லவே சுருங்கும். உயரத்தை ஆயிரம் மடங்காக்கினாலும் தொடும் நேரம் பாதியாகத்தான் குறையும் என்பது ஹெர்ட்ஸின் கணக்கிலிருந்து பெறப்படும் விந்தை. இராமனின் இக்கணக்கை, 1941இல் அமெரிக்க அறிஞர் கிளாரன்ஸ் ஜீனர் எடுத்துக்கொண்டு மேலும் செம்மைப்படுத்தினார்.

பியானோவின் சுத்தி கம்பியில் மோதுவதையும் இராமன் பானர்ஜியோடு ஆராய்ந்தார். மிருதங்கத்தில் ஏனைய தோற்கருவிகளில் இல்லாத இனிய சுருதி எழுவதற்கு, தோலின் நடுவே பூசிய கருஞ்சாந்தே காரணம் என்று 1920இல் விளக்கத் தொடங்கி, 1934ஐ ஒட்டிய ஆண்டுகளில் விரிவாக எழுதினார். கஞ்சிராவை அரங்கில் ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையையும், அவர் வழிவந்த தட்சிணாமூர்த்தி பிள்ளையையும் ஈன்ற புதுக்கோட்டையில் இதனைச் சொல்லாமல் விடுவது முறையன்று. தோலில் விரல் படும் இடமும், பட்டு விலகும் வேகமும் சொல்லை மாற்றிவிடும் என்பதை அவ்விசைவாணர்கள் பயிற்சியால் அறிந்திருந்தனர். இராமன் அளவையால் அறிந்தார்.

1921இல் இராமன் முதன்முறையாக ஐரோப்பா சென்றார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் சிந்தையைக் கவர்ந்தது. அதன்பின் அவர் உழைப்பு ஒளியின்பால் திரும்பிற்று. 1924இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், கே. எஸ். கிருஷ்ணனுடன் ஆராய்ந்து வந்த இராமன், சிதறும் ஒளியில் புதிய நிறங்கள் தோன்றுவதைத் தெளிவாகக் கண்டார். இராமன் விளைவு எனப்படும் அக்கண்டுபிடிப்பிற்காக 1930இல் நோபெல் பரிசு பெற்றார். விஞ்ஞானத் துறையில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. அவ்வரலாறு பல நூல்களில் விரிவாக உள்ளது. இங்கு விரிக்க வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் குறிக்கலாம். குண்டு மோதும்போது சக்தி எங்கே போயிற்று என்று கேட்டவரே, ஒளி மூலக்கூறோடு மோதும்போது சக்தி எங்கே போயிற்று என்றும் கேட்டார். முன்னதில் குண்டு தன் உயரத்தை இழக்கிறது. பின்னதில் ஒளி தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது.

1933இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராக அமர்ந்தார். 1934இல் இந்திய விஞ்ஞான அகாதெமியையும், 1948இல் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தையும் நிறுவினார். 1954இல் பாரத ரத்னா விருது அவரை வந்தடைந்தது. முதுமையிலும் பள்ளி மாணவரைக் கண்டால் அவருக்குக் களிப்பு மிகும்; மலரின் நிறத்தையும் வைரத்தின் ஒளியையும் அவர்களுக்குக் காட்டி விளக்குவார். கடுஞ்சொல்லும் தன்மதிப்பும் அவரிடம் நிறைய உண்டு. அதனால் நண்பரோடு பிணங்கியதும் உண்டு. 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய உடல், அவர் வளர்த்த ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது.

மெல்ல மோதும் குண்டுகளைப் பற்றி அவர் 1918இல் எழுதிய சில பக்கங்கள், நெடுங்காலத்திற்குப் பின் எதிர்பாராத இடத்தில் பயன்பட்டன. சனிக் கோளைச் சுற்றியுள்ள வளையங்கள் எண்ணற்ற பனிக்கட்டித் துண்டுகளால் ஆனவை. அவை ஓயாமல் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதும் வேகமோ பெரும்பாலும் நொடிக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு மோதலிலும் எத்தனை பங்கு வேகம் மீள்கிறது என்பதைப் பொறுத்தே அவ்வளையங்களின் கனம் அமைகிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள அவை சில பத்து மீட்டர் கனமே உள்ள மெல்லிய தகடுகளாக இருப்பது மோதலால் நேரும் இழப்பினால்தான். 1984இல் ஆராய்ச்சியாளர் சிலர் பனிக்கட்டி உருண்டைகளைக் குளிரூட்டிய அறையில் மெல்ல மோதவிட்டு அளந்தனர். வேகம் குறையக் குறைய மீட்சி விகிதம் உயர்வதை அவர்களும் கண்டனர். மணலும் தானியமும் உருண்டோடும் விதத்தை ஆராய்வோர் கட்டுரைகளில், பௌபஜார் வீதியில் உழைத்த அந்த இளைஞரின் 1918ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.